மாசி வீதிக்குள் ஒரு விளையாட்டு: ஊரை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்வது?

மதுரையில் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி ஒரு விளையாட்டு அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் போன், எட்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புதிர், எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேர நடை. விளக்குத்தூண், புதுமண்டபம், ராயகோபுரம், பத்துத்தூண், 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீடு என்று சரக்குக்குப் பஞ்சமில்லை. இப்படி ஒரு திட்டம் பேச்சுக்கு வந்ததும் ‘எந்த ஆப்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை மூன்றாவது மாதம் கேட்டுக்கொள்ளலாம். அந்த வீதிகளில் கடை போட்டிருப்பவர்களும் குடியிருப்பவர்களும் இந்த வேலையில் எந்த நாற்காலியில் உட்காரப்போகிறார்கள் என்பது அதற்கு முன்னால் முடிவாக வேண்டும். ஆப்பை நடுவழியில் மாற்றலாம். இதை மாற்ற முடியாது.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் குழு எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கடைசியில் ஊருக்குக் காட்டுவது. ஊரிடம் கதைகளைத் திரட்டி, விளையாட்டைக் குழுவே கட்டுவது. பத்துப் பன்னிரண்டு ஊர்க்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து முதலிலிருந்து வடிவமைப்பது. ஆயத்தக் கருவி ஒன்றைக் கொடுத்து ஊரையே செய்யச் சொல்வது. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். ஒப்புக்குக் கருத்துக் கேட்பது நடுப்படிகளிலும், அதிகாரத்தையே கையில் கொடுப்பது மேல்படிகளிலும் வரும். அந்த ஏணியைப் படித்தவர்கள் பலர் உச்சிப்படிதான் எப்போதும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லா ஊருக்கும் அது தோதுப்படாது. எந்த வழியானாலும் இரண்டு கேள்விகளைப் போட்டு உரசிப் பார்க்கலாம்: ‘இதைப் போடாதே’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? ஒரு வருஷம் கழித்துப் பழுதாகும்போது யார் வந்து பார்ப்பார்கள்?

குழு செய்து காட்டுவது

இது வேகமான வழி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடியும். வரலாற்றை நன்கு தெரிந்த ஆள் கூட இருந்தால் தரமாகவும் அமையும். ஆம்ஸ்டர்டாமில் வாக் சொசைட்டி 2005இல் செய்த ‘ஃப்ரீக்வென்சி 1550’ பள்ளிப் பிள்ளைகளை இடைக்கால நகரத்துக்குள் அணி அணியாக அலையவிட்டது. ஒரு பாதி தெருவில், மறு பாதி கணினி முன்னால். வல்லுநர் குழுவால் இந்தத் துறையில் நல்ல விளையாட்டைச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. செய்ய முடியுமா என்பதில் சந்தேகமில்லை, விடுபடுவது என்ன என்று பார்க்க வேண்டும்.

புதுமண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்குழு எழுதினால் திருமலை நாயக்கர், வசந்த மண்டபம், 124 தூண்கள், சிற்பங்கள் என்று வரும். எல்லாம் சரிதான். மதுரைக்காரர்கள் பலருக்கு அந்த மண்டபம் என்றால் தையல் மிஷின் சத்தம், புத்தகக் கடை, பாத்திரக் கடை. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப் போனதும் அந்த மண்டபத்தின் வரலாறுதான். வெளிக்குழு அதைக் கேள்வியே படாமல் வேலையை முடித்துவிடும். கடைசியில் கூட்டும் ‘கருத்துக் கேட்புக் கூட்ட’த்தில் யாராவது சொன்னாலும், அதற்குள் குரல் பதிவும் வரைபடமும் முடிந்திருக்கும். அந்தக் கட்டத்தில் எழுத்துப்பிழையைத்தான் திருத்த முடியும்.

யாரையும் கேட்காமல் இடங்களைக் குறித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2016 ஜூலையில் உலகமே பார்த்தது. போனைக் கையில் வைத்துத் தெருவில் நடந்தே ஆடும் போகிமான் கோவின் இடங்களில் பெரும்பங்கு ‘இன்கிரஸ்’ என்ற முந்தைய விளையாட்டிலிருந்து வந்தவை. வரலாற்றுக் குறிப்புப் பலகைகளின் தரவுத்தளத்தையும் ஆட்டக்காரர்கள் அனுப்பிய பரிந்துரைகளையும் வைத்து அமைந்தவை. நாஜி வதைமுகாம் நினைவிடமான ஆஷ்விட்ஸிலும் ஹிரோஷிமா நினைவுப் பூங்காவிலும் ஆட்கள் போனை நீட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த இடங்களின் பொறுப்பாளர்கள் எழுந்து வந்து ‘எங்களை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்க வேண்டியதாயிற்று. ‘போடாதே’ என்பதை விளையாட்டு வெளிவந்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

கதை திரட்டுவது

வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்து, ‘உங்கள் தெருவின் கதையைக் குரல் செய்தியாக அனுப்புங்கள்’ என்று கேட்பது இன்றைக்கு எளிது. செலவும் குறைவு. இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் இதுவே கைகொடுக்கும். சிக்கல்கள் மூன்று. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். இதைக் கணக்கில் வைக்காதவர்கள் நூறு பதிவுகளை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். அடுத்தது, அனுப்புகிறவர்கள் நேரம் உள்ளவர்கள். ஓய்வுபெற்ற ஆண்கள் நிறைய வருவார்கள், பூக்கட்டும் பெண்கள் வரமாட்டார்கள். வருகிற கதைகளும் மூன்று நான்கு இடங்களையே சுற்றும். மூன்றாவதுதான் பெரிய தலைவலி: கதை என்பது வேறு, புதிர் என்பது வேறு. எட்டு நிமிஷம் பேசியவரின் பேச்சு 50 நொடியாக வெட்டுப்பட்டு, பின்னணி இசையோடு வந்தால், ‘நான் இப்படியா சொன்னேன்?’ என்பார். அவர் கேட்பது நியாயம்.

இந்த வழியில் போகிறவர்கள் ஒரு விதியை மீறக் கூடாது: வெட்டிய துண்டை வெளியிடுவதற்கு முன் சொன்னவருக்கே திருப்பி அனுப்பி ‘சரி’ வாங்க வேண்டும். ஒப்புதலையும் இரண்டாகக் கேளுங்கள். பதிவு செய்ய ஒன்று, விளையாட்டில் போட இன்னொன்று. பேசியதை வைத்துக்கொள்ளச் சொல்பவர் ஊர் முழுக்கக் கேட்க வைக்கச் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சேர்ந்து வடிவமைப்பது

காசையும் நேரத்தையும் அதிகம் தின்பது இதுதான், எங்கள் ஓட்டும் இதற்குத்தான். ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், மொத்தம் மூன்றரை மாதம். பன்னிரண்டைத் தாண்டினால் அது கூட்டம் ஆகிவிடும். மைக் பிடிக்கத் தெரிந்தவர்தான் பேசுவார்.

ஆள் சேர்ப்பதில்தான் முதல் தவறு நடக்கும். வணிகர் சங்கச் செயலாளரிடம் ‘பத்துப் பேரை அனுப்புங்கள்’ என்றால் பத்துக் கடை முதலாளிகள் வருவார்கள். மூட்டை தூக்குகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் இருக்கும் சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தார், காஜிமார் தெருக்காரர், அந்தப் பகுதிப் பள்ளி மாணவர் என்று பட்டியலை நீங்களே போட்டு, தனித்தனியாகப் போய் அழைக்க வேண்டும். இடமும் முக்கியம். ஏதாவது ஒரு சமூகத்தின் மண்டபத்தில் வைத்தால் மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நூலகம், பள்ளி வகுப்பறை மாதிரிப் பொது இடம் வேண்டும். நேரம் மதியம் இரண்டரைக்கு மேல், கடைகளில் வியாபாரம் மந்தமாகும் வேளை. வருகிறவருக்கு அரை நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் சுமை தூக்குகிறவருக்கும் ஒரே தொகை. ‘எனக்குப் பணம் வேண்டாம்’ என்று யாராவது பெருந்தன்மை காட்டினாலும் கவரைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒருவர் மறுத்தால் தேவைப்படுகிறவர் வாங்கக் கூச்சப்படுவார்.

முதல் அமர்வுக்கு ஒரு மேஜை நீள வரைபடமும் மூன்று நிற ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளும் போதும். இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துப் பெரிதாக அச்சடித்துக்கொள்ளலாம். சிவப்புப் பொட்டு ‘கட்டாயம் வேண்டும்’. பச்சை ‘எனக்கு மட்டும் தெரிந்த இடம்’. கறுப்பு ‘இங்கே கூட்டிவராதே’. கறுப்புப் பொட்டு வைத்தவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அது குலதெய்வச் சந்நிதியாக இருக்கலாம், சண்டை நடந்த முக்காக இருக்கலாம், பெண்கள் துணி காயப்போடும் சந்தாக இருக்கலாம். பொட்டு விழுந்தால் அந்த இடம் அவுட், அவ்வளவுதான். மற்ற மூன்று வழிகளிலும் இல்லாதது இந்தக் கறுப்புப் பொட்டுதான். இதை மட்டும் எடுத்து வேறு வழியில் ஒட்டவைத்தால்கூடப் பாதிப் பயன் கிடைக்கும்.

இரண்டாவது அமர்வில் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ ஒரு பொருள் கொண்டு வருவார்கள். ‘உங்கள் பாரம்பரியம் என்ன?’ என்று கேட்டால் எல்லாரும் மேடைப் பேச்சுப் பேசுவார்கள். ஒரு பழைய பில் புத்தகத்தையோ கத்திரிக்கோலையோ மேஜையில் வைத்தால் பேச்சு தானாக வரும். சுங்குடி இதற்கு நல்ல உதாரணம். துணியில் சின்னச் சின்ன முடிச்சாக நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் கட்டின இடம் புள்ளியாக நிற்கும். அதை வைத்து ஒரு நிறுத்தம் இப்படி அமையும்: முடிச்சு அவிழ்க்காத கைக்குட்டை அளவு துணி ஒன்று ஆட்டக்காரர் கைக்கு வரும். இழுத்து அவிழ்த்தால் வரும் புள்ளிகள்தான் அடுத்த திசை. போன் திரையில் இந்த அனுபவத்தைக் கொண்டுவர முடியாது. ஒரு தடவைக்கு ஒரு துணி செலவாகும், முடிச்சுப் போடுகிறவருக்குக் கூலி தர வேண்டும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக் குழுக்களுக்கு மட்டும் துணி, மற்றவர்களுக்குப் படம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது அமர்வு விதிகளுக்கானது. ‘கேம் மெக்கானிக்’ என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. தாயம், பரமபதம், பல்லாங்குழி, கல்லா மண்ணா எல்லாருக்கும் தெரியும். ‘பரமபதத்துப் பாம்பு நம்ம ஊரில் எங்கே இருக்கும்?’ என்று கேட்டால் போதும், யோசனை கொட்டும். நான்காவது அமர்வு தெருவில். ஆப் எதுவும் வேண்டாம். ஒருவர் போன் வேஷம் போடுவார். அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் பின்னாலேயே நடப்பார், இடம் வந்ததும் அட்டையை நீட்டுவார். மூன்று பேர் கொண்ட அணியாக, ஐந்து அணிகளாவது இப்படி ஓடிப் பார்த்த பிறகே மென்பொருளைத் தொட வேண்டும். அட்டையைத் திருத்த ஒரு பேனா போதும்.

இந்த வெள்ளோட்டத்தில் என்ன உடையும் என்றால், பெரும்பாலும் கேள்விகள்தான். விளக்குத்தூணில் ‘இது யார் நினைவாக நிறுவப்பட்டது?’ என்று கேட்டால், நின்ற இடத்திலேயே கூகுளில் பார்த்து ‘கலெக்டர் பிளாக்பர்ன்’ என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஊர்க்காரர்களோடு பேசியபின் அதே நிறுத்தம் வேறு மாதிரி ஆகும். 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிபட்டு அகழி தூர்ந்தது. அந்த வேலையை மேற்பார்த்த இருவரின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் வந்தது என்பார்கள். தினமும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் வாயில் புழங்கும் பெயர்கள் இவை. ஆகவே முதல் நிறுத்தத்தில் ‘ஒரு சுவரைக் காணோம். அதை இடித்தவர்கள் இன்னும் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள், பெயரைக் கண்டுபிடி’ என்று அட்டை சொல்லும். விடை ஊரின் மேற்குப் பக்கத் தெருப் பலகையில், கடைசி நிறுத்தத்தில். நடுவில் யாரிடமாவது ‘அண்ணே, இந்த வீதிக்கு ஏன் இந்தப் பேரு?’ என்று கேட்டே ஆக வேண்டும்.

சண்டையும் வரும். சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார் ஒருவர். இன்னொருவர் வேறு சொல்வார். எது சரி என்று ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். இரண்டு குரலையும் பதிந்து, இரண்டையும் கேட்ட பிறகே அடுத்த கதவு திறக்கும்படி செய்தால் அந்தக் கருத்து வேறுபாடே புதிராகிவிடும்.

ஐந்தாவது அமர்வில் எழுதிய எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். பிரதியைக் கொடுத்து ‘படித்துச் சொல்லுங்கள்’ என்று அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு நிறுத்தத்துக்கு 40 சொல்லுக்கு மேல் எழுத்து வேண்டாம், குரல் பதிவு ஒரு நிமிஷத்துக்குள். அந்தத் தெருவில் நின்றுகொண்டு யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஊரே செய்வது

ஆக்‌ஷன்பவுண்ட், எம்ஐடியின் டேல்பிளேசர், ஜியோகேச்சிங்காரர்களின் (ஒளித்துவைத்ததை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஆட்டம்) அட்வெஞ்சர் லேப் மாதிரி, இடம் சார்ந்த விளையாட்டைக் கட்டும் கருவிகள் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியாதவர்களும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். பள்ளிகளுக்கு இது அருமையான வேலை: ஒரு வகுப்பு, ஒரு தெரு, ஒரு பருவம். பொது மக்களுக்கான விளையாட்டாக நிலைக்குமா என்றால் தயக்கம்தான். ஆர்வமாகச் செய்த ஆசிரியர் மாறுதலாகிப் போவார், கணக்கின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். கூட யாரும் வழிகாட்டாவிட்டால் மாணவர்கள் செய்வது ஆண்டு கேட்கும் வினாடி வினாதான். பாடப்புத்தகம் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. இன்னொன்று, 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் பெயரையோ இருப்பிடத்தையோ சேமிக்கப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க ஒப்புதல் வேண்டும். அணிக்குப் பூப்பெயர் வைத்து, வேறெதையும் சேமிக்காமல் விடுவது எளிது.

எந்த வழியானாலும் இடறுபவை

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஆகவே ஆடி வீதி கணக்கிலேயே வராது. ஆட்டம் சித்திரை வீதியோடு நிற்கட்டும். உள்ளே சாமி கும்பிடுகிறவர்களை விட்டுவிடுவோம். திருமலை நாயக்கர் மகால் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது, சுவரில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டக் கூடாது.

ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம் நிற்கும் சந்தில் 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். ‘வந்தாச்சு’ என்று ஆப் ஏற்கும் வட்டத்தை 25 மீட்டர் ஆரத்தில் வையுங்கள், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே 70 மீட்டராவது விடுங்கள். இல்லாவிட்டால் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாத்திரக்கடை வாசலில் நிற்கிறவருக்கு ராயகோபுரத்துப் புதிர் திறக்கும். ஆயத்தொலைவுகளை, அதாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுத வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் ஐம்பது மீட்டருக்கு மேல்கூடப் பிசகும்.

ஜிபிஎஸ் வேண்டாம், கியூஆர் கோடு ஒட்டிவிடலாம் என்றால், இது மதுரை. தெருச் சுவரில் ஒட்டியதன்மேல் ஒரு வாரத்தில் காதணி விழா போஸ்டர் ஏறிவிடும். கடைக்குள், கல்லாவுக்குப் பக்கத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு வைத்தால் நிலைக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்கட்டும். ஒரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். கடைக்காரர் வடிவமைப்பில் உட்கார்ந்தவராக இருந்தால் அட்டை கிழிந்த அன்றே போன் வரும்.

கணக்கு

நூறு ரூபாய் இருந்தால், சேர்ந்து வடிவமைக்கும் வழியில் நாற்பதை ஆட்களின் நேரத்துக்கும் அமர்வுகளுக்கும் வையுங்கள். மென்பொருளுக்கு இருபது, அச்சுக்கும் வெள்ளோட்டத்துக்கும் பதினைந்து. மிச்சம் இருபத்தைந்தை இரண்டு வருஷப் பராமரிப்புக்கு எடுத்துத் தனியே பூட்டிவிடுங்கள். பராமரிப்புப் பணத்தை மென்பொருள் விழுங்கவிடுவதுதான் இந்த மாதிரித் திட்டங்களின் வழக்கமான சாவு.

முழுப்பணமும் மூன்றரை மாதமும் இல்லாதவர்கள் என்ன செய்வது? எட்டு நிறுத்தத்தை நான்காகக் குறைத்துக்கொண்டு மூன்றாவது வழியிலேயே போகலாம் என்பது எங்கள் கருத்து. அதுவும் முடியாவிட்டால் இரண்டாவது வழியோடு முதல் அமர்வையும் கடைசி அமர்வையும், அதாவது பொட்டு வைப்பதையும் வாய்விட்டுப் படிப்பதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வழியைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் ஒன்றுதான்: ஒரு நாள் நிகழ்ச்சிக்காகச் செய்து மறுநாள் கழற்றிவிடும் விளையாட்டு.

வெளியிடும் அன்றே நிர்வாகக் கணக்கின் சாவி மூன்று பேரிடம் இருக்க வேண்டும், அதில் இருவர் அந்தப் பகுதிக்காரர்கள். அவர்களுக்குப் பழக்க வேண்டியது ஒரே ஒரு பொத்தான்: ஆட்டத்தை நிறுத்தி வைப்பது. சித்திரைத் திருவிழாவின் பன்னிரண்டு நாளும் அது அணைந்திருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்க வருகிற கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது, அப்போதும் அப்படியே. தெருவில் துக்கம் நடந்தால் அந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் ஒரு நாள் மூடலாம். அதற்கு யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதை எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.